புதுமை யாருடைய சுமையை இறக்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

தொழில், விளம்பரம், பண்பாடு ஆகிய மூன்றிலும் இன்று "டிரெண்ட்" என்று பேசப்படுபவை குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வடசென்னையிலிருந்து வந்த கடிதங்கள் ஒரே கவலையை வெவ்வேறு வாசல்களில் நின்று பேசியதால், இந்த இதழுக்கு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்குமே தொழிலையும் பகுதியையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

எம்.சி. ரோட்டில் எங்கள் தாத்தா காலத்துத் துணிக்கடை இருக்கிறது. கடையில் நின்று விற்பதெல்லாம் பழைய முறை, இனி இன்ஸ்டாகிராம் நேரலையில்தான் புடவை விற்க வேண்டும் என்கிறான் மகன். போன வருஷம் வேறொன்றைச் சொன்னான். எது நிலைக்கும், எது வந்த வேகத்தில் ஓடிப்போகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– துணிக்கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி. ஒரு புதுமையைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது யாருடைய சிரமத்தைக் குறைக்கிறது, அப்படிக் குறைந்த சிரமம் வேறு யார் தலையில் போய் உட்காருகிறது என்ற இரண்டையும் பார்த்தாலே, அது தங்குமா தங்காதா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

நேரலை விற்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் தாவோபாவோ என்ற இணைய விற்பனைத் தளம் 2016 இல் தொடங்கிப் பெரிதாக வளர்த்த முறை இது. ஒருவர் கைப்பேசியின் முன் நின்று புடவையை விரித்து, முந்தானையைக் காட்டி, ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்று சொல்லி, அதற்கு ஓர் எண்ணையும் சொல்கிறார். பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த நொடியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். முதலில் அனுப்பியவருக்குப் புடவை. கைக்குழந்தையோடு தீபாவளி நெரிசலில் நுழைய முடியாதவருக்கும், தென்கோடி ஊரில் இருந்துகொண்டு வண்ணாரப்பேட்டை விலைக்கு வாங்க நினைப்பவருக்கும் இது பெரிய உதவி. அலமாரியின் அடியில் தனியாகக் கிடந்த ஒற்றைப் புடவைக்கும் ஆள் கிடைப்பதால், உங்களுக்கும் லாபந்தான்.

ஆனால் அதே விற்பனையின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புடவையில் கிழிசலோ கறையோ இருந்தால், பார்சலைப் பிரிக்கும்போதே தொடர்ச்சியாக வீடியோ எடுத்திருந்தால்தான் மாற்றித் தருவோம் என்று பல விற்பனையாளர்கள் நிபந்தனை போடுகிறார்கள். துணியை உதறி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, இழையைத் தடவிப் பார்த்து உறுதி சொல்லும் வேலையைக் கடைப் பையன் செய்துகொண்டிருந்த இடத்தில், இப்போது வாடிக்கையாளர் ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் போனுமாக நின்று தம் நேர்மையைத் தாமே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அவர்மேல் இறக்கி வைக்கப்பட்ட இந்தச் சுமையை எந்தக் கடை திரும்ப எடுத்துக்கொள்கிறதோ, அந்தக் கடைக்குத்தான் அவர் மறுபடி வருவார் என்பது என் கணிப்பு. வீட்டிலிருந்து விற்பவருக்கு இல்லாத ஒன்று, திறந்த கதவு, உங்களிடம் இருக்கிறது. நேரலையில் வாங்கியதை எந்தக் கேள்வியும் இல்லாமல் கடைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்துப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபின், திருவொற்றியூர்க்காரர் உங்கள் கடைக்கு வந்து போவது முன்னைப்போல் அரைநாள் வேலை கிடையாது.

நிலைப்பது எது என்ற உங்கள் கேள்விக்கு, எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1962 இல் வகுத்த ஐந்து அளவுகோல்கள் இன்றும் உதவுகின்றன. புதியது பழையதைவிட மேலா, மக்களின் பழக்கத்தோடு ஒத்துப்போகிறதா, புரிந்துகொள்ள எளிதா, சிறிய அளவில் சோதித்துப் பார்க்க முடியுமா, அதன் பலன் பிறர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பவை அவை. அவருக்கு முன்பே, அயோவா மாகாணத்து விவசாயிகள் ஒட்டு மக்காச்சோள விதையை எப்படி ஏற்றார்கள் என்று ரையன், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943 இல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றி விவசாயிகள் முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விற்பனையாளர்களிடமிருந்து. வாங்கலாம் என்று மனதை மாற்றியதோ பக்கத்து நிலத்துக்காரர். அப்போதும் நிலம் முழுவதிலும் விதைத்துவிடவில்லை, ஒரு மூலையில் போட்டுப் பார்த்துத்தான் பெருக்கினார்கள். ஆகவே கடையை மூடிவிட்டு நேரலைக்குப் போக வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் வாரம் ஒரு மாலையை மகனிடம் கொடுங்கள். கணக்கில் விற்ற புடவையை மட்டும் எழுதாமல், திரும்பி வந்த புடவையையும் கூரியர் செலவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். போன வருஷம் சொன்னதற்கு அப்படி ஒரு கணக்கு எழுதப்பட்டதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கண்டுபிடிப்பும் புதுமையும் ஒன்றுதானே?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

இல்லை. முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்குவது கண்டுபிடிப்பு. அதைப் பிழைப்பின் நடுவே கொண்டுவந்து பொருத்துவது புதுமை. பொருளியல் அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் புதுமைக்கு ஐந்து வடிவங்களைச் சொன்னார்: புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய வரத்து, தொழிலை ஒழுங்கமைப்பதில் புதிய வழி. இந்த ஐந்தில் நான்குக்கு ஆய்வகமே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த கடிதத்தில் அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

என் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. கூடை ஓரத்தில் க்யூஆர் அட்டையும், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் வைத்திருக்கிறார். நாடு முன்னேறிவிட்டது என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அம்மாவோ, கையில் காசு நிற்பதில்லை என்கிறார். எது உண்மை?
– தனியார் நிறுவன ஊழியர், ராயபுரம்

இரண்டும் உண்மை. முதலில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்கிறேன், அதன் பூர்வீகம் சுவையானது. க்யூஆர் குறியீட்டை 1994 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவும் உருவாக்கியது கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக. கோடுகளால் ஆன பழைய பார்கோடில் ஏறத்தாழ இருபது எழுத்துகளுக்கு மேல் அடங்காது. இந்தச் சதுரத்தில் ஏழாயிரம் இலக்கங்கள் வரை அடங்கும். தொழிற்சாலையில் கிரீஸ் படியும், கிழியும் என்பதை எதிர்பார்த்து, பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியின் மிக உயர்ந்த நிலையில் சதுரத்தின் 30 சதவீதம் வரை கெட்டாலும் படிக்க முடியும்படி அதை அமைத்தார்கள். அம்மாவின் அட்டையில் செதில் ஒட்டி, ஐஸ் தண்ணீர் தெறித்து, ஒரு மூலை நைந்த பின்பும் வாடிக்கையாளரின் போன் "டிங்" என்று ஏற்றுக்கொள்வதற்கு இந்த முன்யோசனையும் ஒரு காரணம். காப்புரிமை கையில் இருந்தும் மற்றவர்கள் பயன்படுத்துவதை நிறுவனம் தடுக்காமல் விட்டதால், அது உலகம் முழுக்கப் பரவியது.

நம் ஊரில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் யுபிஐ முறையை அறிமுகம் செய்தது. 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு வணிகரிடம் பரிமாற்றக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் ஆனது. இவை பெரிய இடத்து முடிவுகள். ஆனால் கூடைக்காரர்களிடம் இந்த முறையை உண்மையில் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பேசும் பெட்டி என்பேன். பணம் வந்துவிட்டது என்று வாடிக்கையாளர் தம் போனைக் காட்டினால், படிக்கத் தெரியாதவர் அவர் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. மீன் அரிந்துகொண்டிருக்கும் ஈரக் கையால் சொந்தப் போனையும் எடுத்துப் பார்க்க முடியாது. "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி உரக்கச் சொன்னதும் அந்தப் பயம் போய்விடுகிறது. தொழில்நுட்பத்தில் அது ஒரு சிம் கார்டும் ஒலிபெருக்கியும்தான், ஆனாலும் எழுத்தறிவு என்ற தடையை அந்த இரண்டும் தாண்ட வைத்துவிட்டன.

இனி அம்மாவின் குறை. விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரமோ சங்கராவோ எடுக்கக் கையில் முதல் வேண்டும். அந்த முதல், கடன் கொடுத்துத் தினமும் வசூலிக்கும் தண்டல்காரரிடமிருந்து வந்ததாக இருந்தால், மாலையில் அவருக்கும், ஐஸ்காரருக்கும், ஷேர் ஆட்டோவுக்கும் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. விற்ற பணம் வங்கிக் கணக்கில் விழ, செலவு கூடையருகே நிற்கிறது. இடையில் ஏடிஎம்முக்கு நடப்பது அம்மா அல்லது நீங்கள். வாங்குபவரின் சில்லறைத் தொல்லை, விற்பவரின் ரொக்கத் தொல்லையாக மாறியிருக்கிறது. பெட்டிக்கு மாத வாடகை பிடிக்கும் திட்டங்களும் உண்டு. அம்மாவின் கணக்கில் அப்படி எதுவும் கழிகிறதா என்று ஒருமுறை வங்கிக் குறுஞ்செய்திகளைப் பார்த்துவிடுங்கள்.

இதற்கு ஒரு நல்ல மறுபக்கமும் இருக்கிறது. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் கைப்பேசி வந்தபோது மத்திச் சந்தையில் நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார். கடலிலிருந்தபடியே எந்தக் கரையில் விலை இருக்கிறது என்று விசாரிக்க முடிந்ததால் விற்காமல் கொட்டப்படும் மீன் அநேகமாக இல்லாமல் போனது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. அங்கே தகவல் மீனவரின் கைக்கே வந்தது, அவரே அதை வைத்து முடிவெடுத்தார். அம்மாவின் யுபிஐ வரவும் ஒரு தகவல்தான். ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கோ சுயஉதவிக் குழுவுக்கோ போய், தண்டலுக்குப் பதிலாகச் சிறுகடன் கேட்க அது ஒரு சான்றாகும். அது கிடைத்தால்தான் கையில் காசு நிற்கும்.

புல்லட் வண்டி எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் உருவானது. அரைநூற்றாண்டுப் பழைய தோற்றத்தையே இன்றும் இளைஞர்கள் பணத்தைக் கொட்டி வாங்குகிறார்கள். மாறாததை விற்பதற்குப் பெயர் புதுமையா?
– ஓய்வுபெற்ற தொழிலாளி, திருவொற்றியூர்

மாறாதது போலத் தெரிய வைப்பதற்கு எவ்வளவு மாற்ற வேண்டியிருந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். 1950களின் நடுவில் திருவொற்றியூரில் பொருத்தப்படத் தொடங்கிய புல்லட், இங்கிலாந்துத் தாய் ஆலை மூடப்பட்ட பின்பும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வண்டியை வைத்திருந்தவர்கள் அதன் சிரமங்களையும் பெருமையாகவே பேசினார்கள்: கிக்கரை மிதிக்கத் தனிப் பக்குவம், வலக்காலில் கியர், நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு, தெருமுனையில் கட்டாயம் ஒரு மெக்கானிக். பெருமை பேசியவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அந்தச் சிரமத்துக்குப் பயந்து வாங்காமல் விட்டவர்கள் அதிகம்.

2009 வாக்கில் வந்த கிளாசிக் வரிசையில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் செய்தது, சிரமங்களைக் கழற்றிவிட்டு உருவத்தை வைத்துக்கொண்டது. இயந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் வந்தன, கியர் இடக்காலுக்குப் போனது, பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பியது. டாங்கின் மேல் ஓடும் பொன்னிறக் கோட்டை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்காமல், கையில் தூரிகை பிடித்து ஒரே இழுப்பில் வரையும் கலைஞர்களிடமே விட்டார்கள். வாங்குபவர் வெளியே தெரியும் பழமைக்கும் உள்ளே மறைந்திருக்கும் புதுமைக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். விளம்பரத் துறையில் இதைப் பழைய நினைவை விற்பது என்று இலேசாகச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இயந்திரம் மாறாமல் நினைவை மட்டும் விற்க முயன்ற எத்தனையோ பொருள்கள் கடையில் தூசி படிந்து கிடக்கின்றன.

சுமை இடம் மாறியது இங்கும் உண்டு. புதிய ஆலைகள் 2013 இல் ஒரகடத்திலும் 2017 இல் வல்லம் வடகாலிலும் வந்தன. விளம்பரத்தில் பழைய மெட்ராஸ் ஊர் மணக்க, புதிய வேலைகள் நகரின் எதிர்முனைக்குப் போய்விட்டன. உங்கள் கடிதத்தில் கோபம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதற்கு இதுதான் காரணம் என்றால், அதில் நியாயம் இருக்கிறது.

எங்கள் சுயஉதவிக் குழு மசாலாப் பொடி அரைக்கிறது. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் போட்டால் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்கவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– குழு உறுப்பினர், கொடுங்கையூர்

சிறு பாக்கெட் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய புதுமைகளில் மிகப் பெரியது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்க வழிகாட்டினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983 இல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். கிராமம் கிராமமாகப் போய்ச் சிறுவனின் தலையில் தேய்த்துக் காட்டியதும், எந்த நிறுவனத்தின் காலி உறையானாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்று அறிவித்ததும், பின்பு அதையே சிக் உறைக்கு மட்டும் என்று சுருக்கியதும் இன்றைக்கும் மேலாண்மை வகுப்புகளில் பேசப்படுகின்றன. பாட்டில் வாங்கக் கையில் காசு சேராத குடும்பம் அன்றைய கூலியில் அன்றைய தேவையை வாங்கிக்கொள்ள முடிந்தது. ரோஜர்ஸ் சொன்ன "சிறிய அளவில் சோதிப்பது" என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ஆனால் இந்தக் கேள்வியைக் கொடுங்கையூரிலிருந்து கேட்கிறீர்கள். பிளாஸ்டிக், அலுமினியப் படலம் என்று பல அடுக்குகள் ஒட்டிய அந்த உறையைப் பிரித்தெடுக்க முடியாது. விலை போகாததால் குப்பை பொறுக்குபவரும் குனிந்து எடுப்பதில்லை. அது கடைசியில் வந்து சேரும் குப்பைமேடு உங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதன் புகையை மூச்சில் வாங்குபவர்களும் நீங்கள்தான். வாங்குபவரின் பணச் சுமையைக் குறைத்த புதுமை, கழிவின் சுமையை ஊருக்கு வடக்கே தள்ளிவிட்டது.

ஆகவே சிறு அளவு என்ற யோசனையை வைத்துக்கொண்டு உறையை மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டு டப்பாவைக் கொண்டுவந்தால், முழு மசாலாப் பொருளை ஐம்பது கிராம்கூட எடை போட்டு அங்கேயே அரைத்துக் கொடுங்கள். கண்ணெதிரில் அரைத்த பொடியின் மணமே உங்கள் விளம்பரமாக இருக்கும், பெரிய நிறுவனங்கள் பாக்கெட்டில் அடைக்க முடியாததும் அதுதான். உணவுப் பாதுகாப்புப் பதிவு எப்படி விற்றாலும் கட்டாயம். பின்னால் நூறு கிராம் பொட்டலம் போடுவதானால், எடை, அதிகபட்ச விலை, தேதி, முகவரி ஆகியவற்றை அச்சிடாமல் விற்காதீர்கள்.

அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடியோ எடுத்துப் போட ஒரு யூடியூப்காரர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– கடைக்காரர், பர்மா பஜார் அருகே

கொடுப்பது குற்றமில்லை, கொடுத்ததை மறைப்பதில்தான் தவறு இருக்கிறது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021 இல் விதி வகுத்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன. தவறான விளம்பரத்துக்கு, 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல்முறை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. "கட்டணம் பெற்ற பதிவு" என்று திரையில் போடச் சம்மதிக்காதவரோடு பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். வீடியோ வந்த ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்துக்காகத் தட்டு தட்டாகப் போட்டுத் தள்ளும்போது, தினமும் ஆறு மணிக்கு வந்து பேஜோவும் அவித்த முட்டையும் கேட்கும் சுமைதூக்கும் தொழிலாளி வரிசையில் பின்னால் நிற்கிறார். கூட்டம் இரண்டு வாரத்தில் அடுத்த கடைக்குப் போய்விடும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த உணவை நம் நாக்குக்குப் பழக்கியதே ஒரு பெரிய புதுமை. அதைச் சாதித்தவர்கள் விளம்பரம் இல்லாமல், அந்தத் தொழிலாளியின் வாயைக் கேட்டுத்தான் காரத்தையும் புளிப்பையும் கூட்டிக் குறைத்தார்கள்.

சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன், பிளெக்ஸ் வந்து தொழில் போனது. இப்போது செயற்கை நுண்ணறிவு பிளெக்ஸ்காரனையும் தூக்கிவிடும் என்கிறார்களே?
– ஓவியர், மூலக்கொத்தளம்

ஓரளவு தூக்கும். ஆனால் அது வரையும் சில படங்களில் தமிழ் எழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கொம்பு ஓரிடத்தில், கால் வேறிடத்தில், சில எழுத்து எந்த மொழியிலும் இல்லாதது. வடிவமைப்பவரின் உழைப்பு குறைந்தது, சரிபார்ப்பவரின் பொறுப்பு கூடியிருக்கிறது. அதற்குக் கூலி கேளுங்கள். புதிதாகத் திறக்கும் உணவகங்கள் சில கையெழுத்துப் பலகையைத் தேடி வருகின்றன. அவர்களிடம் பழைய சதுர அடிக் கணக்கில் விலை சொல்லாதீர்கள்.

ஒரு பொருளின் குறையையே விளம்பரமாக்கலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். அது ஏமாற்று ஆகாதா?
– விளம்பரவியல் மாணவர், காலடிப்பேட்டை

நீங்கள் குடியிருக்கும் ஊரே ஒரு தொழில் ஏற்பாடு. 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் அது. இந்தக் கடற்கரையிலிருந்து போன கட்டம்போட்ட மெட்ராஸ் துணியைப் பற்றி விளம்பர உலகம் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். 1958 இல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் வாங்கிப்போன துணி, நியூயார்க்கின் புகழ்பெற்ற ஆடை நிறுவனமொன்றில் சட்டையாகி விற்பனைக்கு வந்தது. குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவரைப் போய்ச் சேரவில்லை. சாயம் போய்ப் புகார்கள் குவிந்தன. பின்பு அந்தச் சாயம் போகும் குணத்தையே "சாயம் போகும், உத்தரவாதம்" என்று விளம்பரமாக்க, ஒவ்வொரு துவைப்பிலும் புதுநிறம் காட்டும் துணி என்று அமெரிக்க இளைஞர்கள் தேடி வாங்கினார்கள். முதலில் நடந்தது ஏமாற்றுக்குச் சமம், ஏனென்றால் தெரிந்ததைச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளம்பரம். வாங்கும்போதே குணத்தைத் தெரிந்துகொண்டவர் தம் விருப்பத்தோடு வாங்கினார்.

இதைவிட எனக்குப் பிடித்தது, அதே கட்டத் துணி நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் அடைந்த மாற்றம். அங்குள்ள கலாபாரி மக்கள் இந்தியத் துணியைப் பிளேடால் நுட்பமாகக் கீறி, குறிப்பிட்ட இழைகளை மட்டும் உருவி எடுத்து, வலை போன்ற புதிய வடிவங்களைக் கொண்டு வந்தார்கள். பெலெடெ பிடெ என்று பெயர் பெற்ற அந்தத் துணி அவர்களுடைய சடங்குகளின் உடையானது. இதில் எந்த நிறுவனத்துக்கும் பங்கில்லை, வாங்கியவரே படைப்பாளி ஆனார்.

கானா எழுதிப் பாடுகிறேன். ஒரு விளம்பர நிறுவனம் என் பாட்டின் நான்கு வரியைக் கேட்கிறது. "உனக்கு வெளிச்சம் கிடைக்கும்" என்று சொல்லி ஒரு தொகை தருகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– இளைஞர், புளியந்தோப்பு

வெளிச்சத்தை வைத்து வாடகை கட்ட முடியாது. முதலில் அதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாவு வீட்டில் இரவு முழுக்கச் சட்டியும் டோலக்கும் அடித்துப் பாடப்பட்டபோது, இந்தப் பாட்டை வெளியே இருந்தவர்கள் பாட்டாகவே எண்ணவில்லை. பின்பு சினிமா அதை எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் மெட்டும் பேச்சும் போய்ச் சேர்ந்தன, பாடியவர் தெருவிலேயே நின்றார். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு சென்னையில் மேடையேறியபோது, கானாவோடு ராப்பும் ராக்கும் சேர்ந்ததை மட்டும் புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. பாடியவர்களே முன்னால் நின்றதும், சாதியைப் பற்றித் தம் வாயாலேயே பேசியதும் அதைவிடப் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். அந்தக் குழுவில் பாடிய ராயபுரத்து இசைவாணி, ஆண்களே நிறைந்திருந்த கானாவில் பெண் குரலாக எழுந்து, 2020 இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இந்த ஓட்டத்தின் பலனைத்தான் விளம்பரக்காரர் உங்களிடம் நான்கு வரியாகக் கேட்கிறார். வடசென்னைப் பேச்சு இப்போது சந்தையில் விலை போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் பலமாகவே நிற்கிறது. பரம்பரையாகப் பாடும் பொது மெட்டுக்கு நீங்கள் உரிமை கோர முடியாது. நீங்கள் எழுதிய வரிகளுக்கு, 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்களே உரிமையாளர். அந்த உரிமை உங்கள் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 இல் வந்த திருத்தத்தின்படி, உங்கள் பாட்டு ஒரு படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்க்கப்பட்ட பின், அது வேறு வழிகளில் பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் உங்களுக்குரிய சம பங்கை நீங்களே நினைத்தாலும் அந்த நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்பூர்வ வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றலாம். திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது மட்டும் இதற்கு விலக்கு. எழுதியவர் என்பதற்கு மேல், பாடியவர் என்ற முறையில் தனி உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஆகவே ஒப்பந்தத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பின் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். "எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்ற வரி அதில் இருந்தால் அதை அடித்து, எந்த ஊடகம், எத்தனை மாதம், எந்தெந்த நாடு என்று எழுதச் சொல்லுங்கள். விளம்பரத்தில் உங்கள் பெயர் எங்கே, எவ்வளவு நேரம் வரும் என்பதும், உங்கள் குரலைப் போலச் செயற்கையாக உருவாக்கிப் பயன்படுத்தக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைக் கையில் தரத் தயங்கி, படப்பிடிப்பு அன்றைக்கு அங்கேயே வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னால், அந்த நான்கு வரியைக் கொடுக்காதீர்கள்.